மைதானம் யாருக்கு?

(நம் சங்கத்தின் மகளிர் தினக் கூட்டத்தில் ரயில்வே ஊழியர் தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நான் பேச்சாளன் அல்ல. பத்தாம் வகுப்பு தேறி, அப்பா இறந்த பிறகு கருணை அடிப்படையில் ரயில்வேயில் குமாஸ்தாவானவன். ஃபைலும் ரப்பர் ஸ்டாம்பும்தான் எனக்குத் தெரிந்த தொழில். மகளிர் தினத்தில் ஆண் பிள்ளை எதற்குப் பேச வேண்டும் என்று செயலாளரிடம் கேட்டேன். "மைதான விஷயத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார். அதனால் வந்தேன். மைதானத்துக்கு வருவதற்கு முன்னால், நம் மாநிலத்திலேயே நடந்த ஒரு கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ராஞ்சியிலிருந்து ராம்கட் போகும் சாலையில் ஓர்மாஞ்ஜி என்று ஓர் ஊர். பஸ்ஸில் போகிறபோது பார்த்திருப்பீர்கள். அதன் அருகே ஹுட்டுப் என்று ஒரு கிராமம். ஆதிவாசிகளும் ஏழை விவசாயிகளும் வாழும் இடம். பெண் பிள்ளைகள் காலையில் தண்ணீர் சுமந்து, மாடு மேய்த்து, தம்பி தங்கைகளைத் தூக்கிக்கொண்டு, நேரம் மிஞ்சினால் பள்ளிக்கூடம் போவார்கள். அங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்த ஃபிரான்ஸ் காஸ்ட்லர் என்ற அமெரிக்க இளைஞர் ஒரு பெண்ணிடம் என்ன செய்ய ஆசை என்று கேட்டார். கால்பந்து ஆட ஆசை என்றது அந்தப் பெண். 2009-இல் இப்படித்தான் யுவா என்ற அமைப்பு தொடங்கியது. மேடையும் மந்திரியும் இல்லாமல், பந்தும் மேடுபள்ளமான வெளியும் மட்டுமே வைத்துத் தொடங்கியது.

நான்கு வருஷம் கழிந்தது. 2013 ஜூலையில் பதினெட்டுப் பெண்கள் ஸ்பெயினுக்குப் புறப்பட்டார்கள். அங்கே பாஸ்க் நாட்டுப் பகுதியில் சான் செபாஸ்டியன் நகரத்தில் டொனோஸ்டி கோப்பை, விட்டோரியா நகரத்தில் காஸ்டெய்ஸ் கோப்பை என்று இரண்டு சர்வதேசச் சிறுவர் சிறுமியர் போட்டிகள். பல தேசங்களின் கிளப்புகள் வருகிற இடம். நம் பெண்களுக்கோ வயது பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. இந்த ஜார்க்கண்ட் மாநிலம் பிறந்த வாக்கில் பிறந்தவர்கள்.

ஸ்பெயின் போக பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அன்றைய விதி அது. 1989 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது. 2016 டிசம்பரில்தான் அதைத் தளர்த்தினார்கள். வீட்டிலே, மருத்துவச்சி கையிலே பிறந்த பிள்ளைக்குச் சான்றிதழ் எங்கே இருக்கும்? 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி இருபத்தொரு நாளுக்குள் பதிய வேண்டும். ஒரு வருஷம் தாண்டிவிட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். இரண்டு ஏக்கர் நிலத்தில் நெல் நடும் தகப்பன், கூலியை விட்டுவிட்டு மாஜிஸ்திரேட் வாசலில் எத்தனை நாள் நிற்பான்?

அந்தப் பெண்கள் தாங்களே ஊராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள். என்ன கிடைத்தது தெரியுமா? துடைப்பம். தரையைக் கூட்டச் சொன்னார்கள். கன்னத்தில் அறைந்தார்கள். காசு கேட்டார்கள். நான் இட்டுக்கட்டியது அல்ல. அந்தப் பெண்களே சொல்லி, அன்று பத்திரிகைகளில் வந்த செய்தி. நாட்டின் பேரால் ஆடப் போகிற பிள்ளையின் கையில், நாட்டின் அலுவலகம் துடைப்பத்தைக் கொடுத்தது.

தோழர்களே, இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நாள் காலையில் என் நாற்காலியில் உட்கார்ந்தபோது வெட்கம் வந்தது. ஏனென்றால் நானும் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவன். பல வருஷங்களுக்கு முன் ஒரு அம்மா வந்தார். தண்டவாளப் பராமரிப்பு வேலையில் இருந்த கணவர் இறந்துவிட்டார், குடும்ப ஓய்வூதியத்துக்குக் காகிதம் கொண்டுவந்தார். ஒரு காகிதத்தில் பெயர் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. "சரி செய்துகொண்டு வா" என்று மூன்று முறை திருப்பி அனுப்பினேன். அடிக்கவில்லை, காசு கேட்கவில்லை. விதிப்படிதான் நடந்தேன். ஆனால் நாற்காலி காட்டி உட்காரச் சொல்லவில்லை. எந்தக் காகிதம், எந்த ஆபீஸ், யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கவில்லை. எழுத இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த இரண்டு நிமிஷத்தை மிச்சம் பிடித்து, அந்த அம்மாளின் மூன்று நாள் கூலியைக் கெடுத்தேன். துடைப்பம் கொடுத்தவனுக்கும் எனக்கும் இடையே தூரம் அதிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு தூரம் இல்லை.

சரி, பெண்கள் போனார்கள். அங்கே தங்கள் ஊர் வெள்ளைச் சேலை, சிவப்புக் கரையோடு கட்டிக்கொண்டு, தங்கள் ஊர் ஆட்டமும் ஆடிக் காட்டினார்கள். காஸ்டெய்ஸ் கோப்பையில் மூன்றாம் இடம் பெற்று, வெண்கலத்தோடு திரும்பினார்கள். அடுத்த வருஷம் அமெரிக்காவுக்கும் போய் ஆடினார்கள். 2015-இல் யுவா தனக்கென்று ஒரு பள்ளிக்கூடமும் தொடங்கியது. 2019-இல் மொனாக்கோவில் லாரியஸ் விருது. அதை வாங்க மேடை ஏறியவர்கள் இந்தக் கிராமத்துப் பெண்களேதான்.

இதோடு முடித்தால் சினிமாக் கதை ஆகிவிடும். மீதியையும் சொல்ல வேண்டும். 2022 அக்டோபரில் பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்களின் உலகக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தது. இந்திய அணியின் தலைவி அஸ்தம் ஓராவ், நம் கும்லா மாவட்டத்து ஆதிவாசிப் பெண். அணியில் ஆறு பேர் ஜார்க்கண்ட் பெண்கள். அஸ்தம் தலைவியானதும் அவர் ஊருக்கு அரசு சாலை போட்டது. அந்தச் சாலை வேலையில் அவருடைய பெற்றோரே தினக்கூலிக்கு வேலை செய்தார்கள். புவனேஸ்வரத்தில் நம் அணி அமெரிக்காவிடம் எட்டு கோல், மொராக்கோவிடம் மூன்று கோல், பிரேசிலிடம் ஐந்து கோல் வாங்கித் தோற்றது. ஒரு கோல்கூடப் போடவில்லை. சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களைக் கேட்கிறேன்: அந்தப் பக்கம் ஐந்து வயதில் புல்தரையில் ஆடத் தொடங்கியவர்கள், இந்தப் பக்கம் மாடு மேய்த்த நேரம் போக ஆடியவர்கள். தோற்றது யார்? பிள்ளைகளா, நாமா?

பெண்ணுக்குப் பந்து எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, ஜார்க்கண்டில் இருபது முதல் இருபத்துநான்கு வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 32 பேருக்குப் பதினெட்டு வயதுக்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டது. இந்தியா முழுவதற்கும் 23. நம் தமிழ்நாட்டில் 13-ஐ ஒட்டி. பதின்மூன்றுதானே என்று பெருமைப்படாதீர்கள். எட்டுப் பெண்ணுக்கு ஒரு பெண். இந்த மாநிலத்திலிருந்து தில்லிக்கு வீட்டு வேலைக்கென்று ஏஜெண்டுகள் ரயிலில் அழைத்துப்போகும் சிறுமிகளை நம் ரயில்வேத் தோழர்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். தினமும் சாயங்காலம் மைதானத்துக்கு வரும் பெண் ஒருநாள் வராவிட்டால், மற்ற பிள்ளைகள் "அவள் எங்கே?" என்று கேட்பார்கள். வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவார்கள். அந்தக் கேள்வி ஒன்று போதும், பல கல்யாணம் நிற்கும், பல ஏஜெண்டு திரும்பிப் போவான். கோப்பை வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். இதுதான் பந்தின் லாபம்.

இன்னொரு கதையும் உண்டு, தொழிலாளர் கதை. இங்கிலாந்தில் பிரஸ்டன் என்ற ஊரில் டிக் கெர் என்று ஒரு கம்பெனி. ட்ராம் வண்டி செய்த தொழிற்சாலை. முதல் உலகப் போரில் அங்கே வெடிமருந்துத் தளவாடம் செய்ய வந்த பெண் தொழிலாளிகள், சாப்பாட்டு நேரத்தில் பந்தடித்துப் பழகி ஓர் அணி ஆனார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் அவர்கள் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். வந்த பணம் வேலையில்லாத முன்னாள் சிப்பாய்களுக்குப் போனது. ஒரு வருஷம் கூட முழுதாகவில்லை. 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது: கால்பந்து பெண்களுக்குப் பொருந்தாது, எங்கள் கிளப்புகள் எதுவும் மைதானம் தரக் கூடாது. ஐம்பது வருஷத் தடை! 1971-இல்தான் நீங்கியது.

கவனியுங்கள், பெண்கள் ஆடக் கூடாது என்று சட்டம் போடவில்லை. மைதானத்தைப் பூட்டினார்கள், அவ்வளவுதான். அதுவே போதுமாக இருந்தது.

இப்போது நம் மைதானம். நம் பாட்டன்மார் சந்தா பிரித்து வாங்கிய இடம். காலையில் பையன்கள் கிரிக்கெட், மாலையில் பையன்கள் கிரிக்கெட், கல்யாண நாளில் பந்தல், மற்ற நாளில் ஸ்கூட்டர் நிறுத்தம். போன மாதம் நம் பெண்கள் பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டு ஒரு மகஜர் கொடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று மாலை, ஒன்றரை மணி நேரம், கால்பந்து ஆட அனுமதி வேண்டும் என்று. நாளை நிர்வாகக் குழுவில் அது வருகிறது. அந்தப் பதினான்கில் மூன்றாவது கையெழுத்து என் மகளுடையது.

மறைக்காமல் சொல்கிறேன். பன்னிரண்டு வயது வரைக்கும் அவள் அண்ணனோடு ஆடினாள். பிறகு "போதும், உள்ளே வா" என்று நிறுத்தியவன் நான்தான். ஏன் என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை, பதில் இல்லாததால். இரண்டு வருஷம் கழித்து, பதிலை எழுத்து மூலமாகச் சங்கத்திடமே கேட்டுவிட்டாள்.

குழுவில் வரப்போகும் ஆட்சேபணைகள் எனக்குத் தெரியும். டீக்கடையில் கேட்டுவிட்டேன். "உடை சரியில்லை" என்கிறார்கள். முழங்கால் வரை நிக்கரும் நீளக் காலுறையும் போடுகிறார்கள், அதில் என்ன குறை? "அடிபட்டால் கல்யாணம் ஆகாது" என்கிறார்கள். அடுப்பில் சுட்டுக்கொண்ட கைக்கு ஆகிறதே! "வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும்" என்கிறார்கள். கூடினால் கூட்டத்தை ஒழுங்குபடுத்துங்கள், பெண்ணை வீட்டில் பூட்டாதீர்கள்.

நான்காவது ஆட்சேபணையை மட்டும் யாரும் உரக்கச் சொல்லவில்லை. நம் பெண்கள் பின்பக்க பஸ்தியிலிருந்து முண்டா, ஓராவ் பெண்கள் எட்டுப் பேரையும் சேர்த்துக்கொண்டு ஆட விரும்புகிறார்கள். "சங்கத்து இடத்தில் அவர்களா?" என்று ஒரு பெரியவர் என் காதில் கேட்டார். ஐயா, உங்களை மதிக்கிறேன். ஆனால் நம் பாட்டன் இந்த ஊர் ஸ்டேஷனில் டிரங்குப் பெட்டியோடு இறங்கியபோது, இந்த மண்ணில் முன்பே இருந்தவர்கள் அவர்கள். இன்று அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் சென்னைக் கட்டட வேலைக்கும் டிக்கெட் எடுக்கிறார்கள். அங்கே நம் ஆட்கள் அவர்களை மரியாதையாக நடத்த வேண்டும் என்று இந்தப் பத்திரிகையிலேயே எழுதினோம். இங்கே வேலி போட்டால் அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம்? சான்றிதழுக்கு அலைகிற கஷ்டம் நமக்கும் தெரியாததா? "சொந்த ஊர் எது?" என்று கேட்டு எத்தனை கவுண்டரில் நம்மைத் திருப்பியிருக்கிறார்கள்? அந்த மண்ணின் பிள்ளைகளையே திருப்பி அனுப்புகிற கவுண்டர் அது. இருவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறோம்.

ஆகவே நிர்வாகக் குழுவிடம் நான் கேட்பவை நான்கு.

ஒன்று: செவ்வாய், வியாழன், சனி மாலை நான்கரை முதல் ஆறு வரை மைதானம் பெண்களுக்கு. அந்த நேரத்தில் பந்தலும் இல்லை, ஸ்கூட்டரும் இல்லை.

இரண்டு: பஸ்திப் பெண்களுக்கும் அதே உரிமை. சந்தா கேட்கக் கூடாது.

மூன்று: தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறையும், உடை மாற்ற ஓர் அறையும். பொங்கல் விழா மிச்சப் பணத்தில் கட்டலாம். கணக்கு என்னிடம் இருக்கிறது.

நான்கு: ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை சங்க அறையில் காகித உதவி. பிறப்புப் பதிவு இல்லாத எந்தப் பிள்ளையும் வரலாம், தமிழ்ப் பிள்ளை, பஸ்திப் பிள்ளை என்ற பேதம் இல்லை. 2023 அக்டோபர் முதல் தேதியிலிருந்து பிறக்கும் குழந்தைக்குப் பள்ளியில் சேர்வது முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் வந்துவிட்டது. இன்று பதியாத பிள்ளை நாளை எல்லாக் கதவிலும் நிற்கும். அந்த மேஜையில் நான் உட்காருகிறேன். வருகிறவர்களுக்கு முதலில் நாற்காலி, பிறகு கேள்வி. என் பழைய கடன் அது.

தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசியக் கோப்பையை வென்றது என்று சொன்னால் நாம் இங்கே கைதட்டுகிறோம். கைதட்ட நேரமும் காசும் வேண்டாம். மைதானத்தின் சாவியைக் கொடுக்கத்தான் மனசு வேண்டும். அந்தச் சாவி இப்போது நம் தலைவர் அவர்களின் சட்டைப் பையில் இருக்கிறது. ஸ்பெயின் வரைக்கும் நம் பிள்ளைகள் போக வேண்டாம். தெருமுனை வரைக்கும் போகட்டும்.

நாளை மாலை குழுக் கூட்டத்துக்குத் தாய்மார்கள் எல்லோரும் வாருங்கள். பின்வரிசையில் அல்ல, முன்வரிசையில் உட்காருங்கள்.