ஆயர்கள் ஆண்ட நாடுகள்

கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவர்கள் வரி வாங்கி, படை வைத்து, வழக்குத் தீர்த்து ஆண்ட நாடுகள் ஐரோப்பாவில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இருந்தன. நடு இத்தாலியின் ஒரு பகுதி 8ஆம் நூற்றாண்டு முதல் 1870 வரை திருத்தந்தையரின் ஆட்சியில் இருந்தது. ஜெர்மன் நிலத்தில் மைன்ஸ், டிரியர், கொலோன் பேராயர்கள் தத்தம் பகுதிக்கு அரசர்கள். புனித ரோமப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் எழுவரில் மூவர் இவர்களே. ஆயருக்குப் பிள்ளை வாரிசு கிடையாது என்பதால், பதவி காலியாகும்போதெல்லாம் தமக்கு வேண்டியவரை அமர்த்தப் பேரரசர்கள் முயன்றார்கள். 1803இல் ஜெர்மன் நிலத்து ஆயர்களின் ஆட்சிகள் ஏறத்தாழ முழுதும் கலைக்கப்பட்டன.

இந்தியாவில் நடந்த கதை வேறு. கோவாவில் இருந்த போர்ச்சுகீசிய வைசிராய் திடீரென்று இறந்தால், லிஸ்பனுக்குக் கப்பலில் செய்தி போய்ப் புதியவர் வந்து சேர ஓராண்டுக்கு மேலாகும். அதற்காகவே மன்னர் முத்திரையிட்ட கடிதங்களை முன்கூட்டி அனுப்பியிருப்பார். வைசிராய் இறந்ததும் முதல் உறையைப் பிரிப்பார்கள். அதில் பெயருள்ளவர் உயிரோடு இல்லையென்றால் அடுத்த உறை. இப்படிப்பட்ட இடைவெளிகளில்தான் ஆயர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். 1599இல் கேரளத்தில் உதயம்பேரூர் மாமன்றத்தைக் கூட்டிய கோவா பேராயர் அலெய்சோ டி மெனெசெஸ், 1607 முதல் 1609 வரை ஆளுநராக இருந்தார். 1628இல் ஆளுநரானவர் தமிழ்நாட்டுக்கு இன்னும் நெருக்கமானவர்: மயிலாப்பூர் ஆயராக இருந்த லூயிஸ் டி பிரிட்டோ. மறு ஆண்டே இறந்துபோனார்.

இவர்களை மைன்ஸ் பேராயரோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. மண் போர்ச்சுகல் மன்னருடையது. 1606இல் அமைந்த மயிலாப்பூர் மறைமாவட்டத்துக்கு ஆயரை முன்மொழியும் உரிமையும் அவருடையதே. உண்மையில் இவர்கள் அங்கி அணிந்த அரசு அதிகாரிகள்.

கடற்கரையை விட்டு உள்ளே வந்தால் அந்த அதிகாரமும் இல்லை. கொங்கு வட்டாரத்தில், கருமத்தம்பட்டியில் 17ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவம் வேரூன்றியது. நாட்டை ஆண்டவர்கள் மதுரை நாயக்கர்கள், பிறகு மைசூர் உடையார்கள். மதுரை மிஷன் குருக்களில் பலர் காவி உடுத்து, புலால் விலக்கி, உள்ளூர்த் தலைவர்களின் தயவில் வாழ்ந்தார்கள்.

இன்று திருத்தந்தை ஆள்வது 1929இல் உருவான, சுமார் 44 ஹெக்டேர் பரப்புள்ள வத்திக்கான் நகரம். ஸ்பெயினின் உர்ஜெல் ஆயர், பிரான்ஸ் குடியரசுத் தலைவரோடு சேர்ந்து அண்டோராவின் இணை இளவரசராக நீடிக்கிறார். நிர்வாகம் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் கையில்.