பொத்தான் மெய் பேச வேண்டும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

இன்று சிறியதொரு பொருளைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். ஒருமுறை அழுத்தினால் ஒன்றை இயக்கி, மறுமுறை அழுத்தினால் அதையே நிறுத்தும் பொத்தானே அது. தான் இப்போது எந்நிலையில் இருக்கிறது என்பதை அப்பொத்தான் ஐயமின்றிச் சொல்லுதல் வேண்டும். இதுவே நம் பேச்சின் சாரம்.

நம் இல்லத்துச் சுவரிலுள்ள ஸ்விட்சைக் கீழே தள்ளினால் விளக்கு எரிகிறது. அமெரிக்காவிலோ மேலே தள்ளினால்தான் எரியும். ஆயினும் அங்குச் செல்லும் நம்மவர் பெரிதும் இடர்ப்படுவதில்லை. விளக்கே கண்முன் நின்று தன் நிலையை அறிவித்துவிடுகிறது. விசை ஓரிடத்தும் அதன் பயன் வேறிடத்தும் இருக்கும்போதுதான் தொல்லை பிறக்கிறது. மோட்டார் ஸ்விட்ச் கீழே, நீர்த்தொட்டி மாடியில் என்னும்போது, தொட்டி நிரம்பி வழிந்த பின்னரே பலருக்கு நினைவு வருகிறது.

கைப்பேசியைப் பாருங்கள். பாட்டு ஓடும்போது பொத்தானில் தெரிவது நிறுத்தற்குறி. அது இனிச் செய்யக்கூடிய செயலைக் காட்டுகிறது. காணொளி அழைப்பில் மைக் படத்தின்மேல் குறுக்குக்கோடு விழுந்தால், அது இப்போதுள்ள நிலையைக் காட்டுகிறது. ஒரே கருவியில் இருவேறு இலக்கணம்! ஊரிலிருந்து பேசும் பாட்டி, தம் குரல் பேரனுக்குக் கேட்கிறதா என்று எவ்வாறு அறிவார்?

இது பணத்தையும் தொடும். வங்கி அட்டையின் பயன்பாடுகளை வாடிக்கையாளரே இயக்கவும் நிறுத்தவும் வசதி தருமாறு இந்திய ரிசர்வ் வங்கி 2020-இல் பணித்தது. நன்று. ஆனால் அவ்விசையின் நிலை விளங்காவிடில், காவலே கவலையாகிவிடும்.

உயிருக்கே கேடு சூழ்ந்த நிகழ்ச்சியும் உண்டு. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. பலகையிலிருந்த விளக்கோ அணைந்துவிட்டது. மூடுமாறு கட்டளை சென்றது என்பதே அதன் பொருள். வால்வு மூடிற்று என்பதன்று. மூடிவிட்டதாகவே பணியாளர் நம்பினர். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேற, உலையின் உள்ளகத்தில் ஏறத்தாழப் பாதி உருகிற்று. கட்டளை வேறு, விளைவு வேறு. விளக்கு விளைவைச் சொல்ல வேண்டும்.

இவ்வுண்மைக்கு நம் பெங்களூரிலேயே நற்சான்று உண்டு. 1954-இல் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வாக்குப்பதிவு எந்திரங்களைச் செய்கிறது. அலுவலர் அனுமதித்ததும் வாக்காளர் முன் பச்சை விளக்கு எரிந்து, எந்திரம் ஆயத்தம் என்கிறது. அவர் நீலப் பொத்தானை அழுத்தியதும் சின்னத்தின் அருகே சிவப்பு விளக்கு எரிகிறது, ஒலியும் எழுகிறது. அதுவும் போதாதென்று, பதிவான சின்னத்தை 7 வினாடி காட்டும் தாள் சேர்க்கப்பட்டது. 2013-இல் நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் அது முதன்முதலாகப் பயன்பட்டது. எழுத்தறியாதவரும் தம் வாக்கு எச்சின்னத்துக்குச் சென்றது எனக் கண்ணால் காண்கிறார்.

இந்நகரில் மென்பொருள் எழுதும் நம் இளைஞர்களுக்கு மூன்று வேண்டுகோள். பொத்தானின் பெயர் மாறாதிருக்கட்டும். நிலை மட்டும் மாறட்டும். இரண்டும் ஒருங்கே மாறினால், பார்வையற்றோர்க்குத் திரையைப் படித்துக்காட்டும் கருவி முரண்பட்ட செய்தியைச் சொல்லும். நிறத்தை மட்டும் நம்பற்க; சிவப்பும் பச்சையும் பிரித்தறிய இயலாதார் உளர். ஆதலின் சொல்லும் வடிவும் துணை நிற்கட்டும். செயல் நிறைவேறிய பின்னரே நிலை மாறியதாகக் காட்டுக.

செய்து முடித்ததை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள். “அழுத்தினால் என்ன ஆகும்?” என்று கேளாதீர்கள், “இப்போது இது ஓடுகிறதா, நிற்கிறதா?” என்று கேளுங்கள். அவர் தயங்காது விடை சொன்னால் உங்கள் பணி வென்றது.