வாடகை வீடும் பக்கத்து வீட்டு அப்பத்தாவும்

(மதுரையில் நடந்த மாதாந்திர வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'நகரத்தில் சாதி' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பேசிய தோழர் கல்வி, வேலைவாய்ப்பு என்று பெரிய பரப்பைத் தொட்டுவிட்டார். நான் ஒரு காம்பவுண்டைத் தாண்டிப் போகப் போவதில்லை. நாலு வீடு, ஒரு அடிகுழாய், ஒரு வேப்பமரம். ஆறு ஆண்டுகளுக்கு முன்னால் கைக்குழந்தையோடு அங்கே குடிவந்தோம். என் இணையருக்கு இப்போது கோவைக்கு மாற்றல் வந்துவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்றுகிறோம்.

பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு மூன்று. நாங்கள் இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். காலை ஏழிலிருந்து எட்டரை வரை எங்கள் வீடு எப்படி இருக்கும் என்பது பிள்ளை வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு கால் ஷூ கிடைக்காது. பால் பொங்கும். டிபன் பாக்சுக்குள் சின்னவன் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பான். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல் வரும்: "அவனை இங்கிட்டு அனுப்பு தாயி." இட்லி மாவு அரைத்து விற்கிற அம்மா அவர். எங்கள் பிள்ளைகளுக்கு அப்பத்தா. எனக்கு அத்தை.

இந்த முறைப்பெயரைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் ஊரில் என் பாட்டி, ஊர்த்தெருச் சின்னப் பையனைக்கூட 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். அந்தப் பையன் என் பாட்டியைப் பெயர் சொல்லி 'வா, போ' என்பான். அந்தப் பாட்டியின் கொள்ளுப்பேரன் இன்று ஆதிக்கச் சாதி வீட்டு அம்மாவை அப்பத்தா என்று கூப்பிட்டு, அவர் மடியில் உட்கார்ந்து சோறு கேட்கிறான்.

அத்தையைப் புனிதராக்க வேண்டாம். வந்த புதிதில் "எந்த ஊரு?" என்று கேட்டார். ஊரையும் சொன்னேன், தெருவையும் சொன்னேன். அதன்பிறகு இரண்டு மாதம் எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. அவரை மாற்றியது நம் துண்டறிக்கை அல்ல. தவழ ஆரம்பித்த என் மகள் ஒருநாள் அவர் அடுப்படி வரைக்கும் போய், அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டில் கையை வைத்துவிட்டாள். நான் பதறி ஓடினேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சோற்றைப் பிசைந்து பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, மிச்சத்தைத் தானும் சாப்பிட்டார். அதைப் பற்றி இன்றுவரை இருவரும் பேசியதில்லை.

மாட்டுக்கறி மட்டும் அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஜன்னலைச் சாத்தவும் மாட்டார். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தால், "ஆறு விசிலு வந்துருச்சு, அடுப்பை அமத்து" என்று சத்தம் போடுவார்.

போன மழைக்காலத்தில் சின்னவனுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. இரவு இரண்டு மணி. இணையர் வெளியூரில். அத்தையின் மகன்தான் ஆட்டோவை எடுத்தார். பெரியவளை அத்தை தூக்கிக்கொண்டு போய்த் தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டார். விடிந்து நாங்கள் திரும்பியபோது அவளுக்குத் தலை பின்னி, சீருடை போட்டு, பள்ளிக்கூடம் அனுப்பியிருந்தார்.

நகரத்தில் சாதி கரைகிறது என்பதற்கு இது சாட்சி என்று யாராவது நினைத்தால், அதை நான் ஏற்கமாட்டேன். ஒரே காம்பவுண்டுக்குள் நாங்கள் இருந்ததால்தானே என் மகள் அந்தத் தட்டில் கை வைக்க முடிந்தது? எங்கள் வீட்டுக்காரர் வெளியூர். வீடு பல மாதம் பூட்டிக் கிடந்ததால் புரோக்கர் எதுவும் கேட்காமல் சாவியைக் கொடுத்தார். அந்தத் தற்செயலில் உள்ளே வந்தவர்கள் நாங்கள்.

இப்போது கோவையில் வீடு தேடினோம். எங்கள் சுற்றுக்கு ஏழு வீடு. ஒரு வீட்டில் "குலதெய்வம் எது?" ஒரு வீட்டில் "சைவம் மட்டும்தான்." பெரும்பான்மை மக்கள் கறி தின்கிற மாநிலத்தில் அந்தச் சொல் யாரை வடிகட்ட என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொருவர் நேரடியாகவே கேட்டார்: "நீங்க என்ன ஆளுங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவள் விரலை விட்டு எண்ணிவிட்டுச் சொன்னாள்: "நாங்க நாலு ஆளுங்க." அவர் சிரிக்கவில்லை. இரண்டு நாளில் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1917ஆம் ஆண்டு பரோடா அரசுப் பணிக்குப் போன அண்ணல் அம்பேத்கருக்கு அங்கே தங்க இடமில்லை. வேறு பெயரில் ஒரு பார்சி விடுதியில் தங்கினார். தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அவருக்கு இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். ஒருவர், நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். இன்னொருவர், மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். என்னைக் கேட்டால், தடியோடு வந்தவர்களைவிட அந்த இரண்டு நண்பர்களைப் பற்றித்தான் நாம் அதிகம் பேச வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசமைப்புச் சட்டத்தின் 15(2) கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று பட்டியல் போடுகிறது. வாடகை வீடு என்ற சொல் அதில் இல்லை. ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் குறிப்பிட்ட சமூகத்தாரை மட்டுமே உறுப்பினராகச் சேர்க்கும் விதியை வைத்துக்கொள்ளலாம் என்று 2005ஆம் ஆண்டு குஜராத் வழக்கு ஒன்றில் உச்சநீதிமன்றமே சொன்னது.

நம் மதுரை மாவட்டத்துக்கே வருவோம். தந்தை பெரியார் நினைவு சமத்துவபுரங்களில் முதலாவது 1998ஆம் ஆண்டு திறக்கப்பட்டது இங்கேதான், மேலக்கோட்டையில். நூறு வீட்டில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவருக்கு. எல்லோருக்கும் ஒரே சுடுகாடு. உத்தபுரமும் இதே மாவட்டம்தான். அங்கே தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதியை 2008ஆம் ஆண்டு மே மாதம் காவல்துறையைக் குவித்து வைத்துத்தான் இடிக்க முடிந்தது. சமத்துவபுரத்தில் எத்தனையோ குறை உண்டு. ஆனால் யாருக்குப் பக்கத்தில் யார் குடியிருப்பது என்பதை ஊரின் விருப்பத்துக்கு விடாமல் அரசு கையில் எடுத்ததே, அது பெரிய விஷயம்.

கோவையில் நடந்ததை அத்தையிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் மாவு வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். பிறகு, "நான் வேணா வந்து சொல்லட்டா, நம்ம புள்ளைகதான்னு?" என்றார். அவர் வந்து சொன்னால் வீடு கிடைத்துவிடும். எனக்கு வலித்தது அதனால்தான். "வேண்டாம் அத்தை" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

ஏழாவது வீடு கிடைத்தது. அவர் கேட்டது இரண்டே கேள்வி: எத்தனை பேர், முன்பணம் எப்போது.

சின்னவன் ஒரு வாரமாகத் தன் பொம்மைகளை ஒவ்வொன்றாக அப்பத்தா வீட்டுக்குக் கடத்திக்கொண்டிருக்கிறான். லாரி வந்தால் பொம்மையைத் தேடி நாங்கள் இங்கேயே நின்றுவிடுவோம் என்று கணக்குப் போட்டிருக்கிறான் போல. அத்தையும் வாங்கி வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார். இரண்டு பேரையும் நான் கண்டுகொள்வதில்லை.

இங்கே சொந்த வீடு வைத்திருக்கும் தோழர்கள் பலர் இருக்கிறீர்கள். மாடி காலியாகும்போது புரோக்கரிடம் நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள், சாதி கேட்டு யாரையும் திருப்பி அனுப்பாதே என்று. நீங்கள் சொல்லாவிட்டால் உங்களுக்காக அவரே கேட்டுவிடுவார்.

கடைசியாக ஒரு தகவல். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீடு காலியாகிறது. நல்ல குடும்பமாகப் பார்த்து என்னையே சொல்லச் சொல்லியிருக்கிறார் வீட்டுக்காரர். இரண்டு அறை, அடுப்படி. அடிகுழாயில் கோடையிலும் தண்ணீர் வரும். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு யாராவது வீடு தேடி அலைந்தால், கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.