ஒரே வாசலில் கிளம்பும் கார்கள்



மாணவர்கள் ஒரே காரில் சேர்ந்து போவதற்காக நாங்கள் உருவாக்கிய செயலியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். முதல் தடவை நாங்கள் கோட்டை விட்ட கதையையே சொல்கிறேன்.

யோசனை எங்களுடையது அல்ல. 2007-ல் அமெரிக்காவில் லோகன் கிரீன், ஜான் ஜிம்மர் இருவரும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 'ஜிம்ரைடு' தொடங்கினார்கள். ஜிம்பாப்வேயில் ஜனங்கள் வேனைப் பங்கிட்டுப் போவதைப் பார்த்து கிரீனுக்கு உதித்தது அது. பெயரும் அந்த நாட்டுடையதுதான், ஜிம்மருடையது அல்ல! 2012-ல் அவர்களே 'லிஃப்ட்' ஆரம்பித்தார்கள்.

நாங்கள் தினமும் காலை வகுப்புக்கு வருவதற்கென்று செய்தோம். வரைபடம், வழி பொருத்தும் கணக்கு எல்லாம் பிரமாதம். ஆள்தான் இல்லை. கார் வைத்திருப்பவர் ராமநாதபுரம், இடம் கேட்பவர் துடியலூர். எப்படிப் பொருத்துவது? போதாததற்கு, பாதிப் பேர் காலேஜ் பஸ்ஸுக்கு வருஷப் பணம் கட்டியாச்சு.

அப்புறம் இதே அரங்கில் செயல்விளக்கம் காட்டினோம். இரண்டாம் வருஷத் தங்கை ஒருத்தி எழுந்து, "அண்ணா, நடுவழியில வண்டி நின்னா நான் யாருக்குப் போன் பண்றது? ஓட்டறது யாருன்னு எங்க அம்மாவுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். நாலு மாதம் எழுதிய நிரலில் அதற்கு ஒரு வரி பதில் இல்லை. மேடையில் தண்ணீர் குடித்துச் சமாளித்தேன்.

அன்றைக்கே மாற்ற ஆரம்பித்தோம். கல்லூரி மின்னஞ்சல் இல்லாதவர் உள்ளே நுழைய முடியாது. பெண்கள் மட்டும் போகும் கார் தனி. வண்டி எண்ணும் ஓட்டுபவர் பெயரும் வீட்டுக்குக் குறுஞ்செய்தியாகப் போகும். அவர்களிடம் செயலி இருக்க வேண்டியதில்லை. தினசரிப் பயணத்தை விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஊருக்குப் போவதை மட்டும் எடுத்தோம். எல்லோரும் ஒரே வாசலில், ஒரே நேரத்தில் கிளம்புகிறார்கள் அல்லவா?

கட்டணம் வைக்கவில்லை. வாடகைக்கு ஆள் ஏற்ற 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டப்படி பர்மிட் வேண்டும்; சொந்த உபயோகக் காருக்கு அது இல்லை. என் கூட்டாளிக்கு இதில் இன்னும் கோபம். அதோ, மூன்றாவது வரிசையில் முறைக்கிறான்.

முதல் வெள்ளிக்கிழமை ஒரே ஒரு கார்தான், உடுமலைக்கு. நான்கு மாணவிகள், கேள்வி கேட்ட தங்கையும் ஒருத்தி. குறுஞ்செய்தியின் அடியில் என் நம்பர் இருந்தது. அரை மணியில் அவள் அம்மா கூப்பிட்டார்: "தம்பி, வண்டி கிணத்துக்கடவு தாண்டிருச்சுங்களா?"

அந்தத் தகவலையும் அனுப்ப வேண்டும் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. திங்கட்கிழமை சேர்த்துவிட்டோம்.