ஓடச் சொல்வதற்கு முன்னால்



கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் எங்கள் துறைக்கு வரும் பெற்றோர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "உடற்பயிற்சி அறிவியல் படித்தால் பி.டி. வாத்தியார் ஆகலாமா?" பி.டி. வாத்தியார் வேலை மதிப்பான வேலை. அதற்கென்று பி.பி.எட். படிப்பு தனியாக இருக்கிறது. எங்கள் மாணவர்கள் படிப்பது வேறு. ஓர் உடம்பு உழைக்கும்போது இதயமும் நுரையீரலும் தசையும் என்ன செய்கின்றன, அந்த உடம்புக்கு எவ்வளவு பயிற்சி தாங்கும், எந்த வேகத்தில் தொடங்கி எப்போது கூட்டலாம் என்பதைப் படிக்கிறார்கள். இதய சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர், சர்க்கரை உள்ளவர், மாநிலப் போட்டிக்குத் தயாராகும் ஓட்டக்காரப் பெண், மூட்டுவலியோடு நடக்கும் பாட்டி என்று பலதரப்பட்டவர்களும் நாளை அவர்களைத் தேடி வருவார்கள்.

அவர்களைக் கையாள நம் பட்டதாரிகள் தயாரா? பாடத்திட்டத்தைத் தொழில் சான்றிதழ்களின் தரத்துக்கு ஏற்பத் திருத்துவது பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஏதோ அலுவலகக் காகித வேலை என்று நினைத்து நிலையத்தை மாற்றிவிடாதீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் நாளைக் காலை ஒரு ஜிம்முக்குப் போய் ட்ரெட்மில்லில் ஏறப்போகிறார் என்றால், இது உங்கள் வீட்டு விஷயம்.

தமிழ்நாட்டில் உடற்கல்விக்கு நீண்ட மரபு உண்டு. 1920இல் ஹாரி க்ரோ பக் தொடங்கிய சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி ஆசியாவிலேயே முதலாவது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே உடற்கல்விக்கும் விளையாட்டுக்குமென்றே ஒரு பல்கலைக்கழகமும் நமக்கு வந்தது. அந்த மரபு பள்ளிக்கூடத்தையும் மைதானத்தையும் மனதில் வைத்து வளர்ந்தது. உடற்பயிற்சி அறிவியலுக்குப் பாடத்திட்டம் எழுதியபோது பல இடங்களில் அந்தப் பழைய பாடங்களே பெயர் மாறி வந்து உட்கார்ந்துகொண்டன.

இந்தத் தொழிலில் உலக அளவில் மதிக்கப்படும் சான்றிதழ்கள் சில உண்டு. 1954இல் தொடங்கிய அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி, சுருக்கமாக ஏ.சி.எஸ்.எம்., உடற்பயிற்சி உடலியங்கியல் வல்லுநருக்கு ஒரு தேர்வு நடத்துகிறது. 1978இல் தொடங்கிய என்.எஸ்.சி.ஏ. என்ற சங்கம், விளையாட்டு வீரர்களுக்கு வலிமைப் பயிற்சி தருபவர்களுக்கு சி.எஸ்.சி.எஸ். தேர்வு நடத்துகிறது. நம் பிள்ளைகளும் பட்டம் வாங்கிய கையோடு இவற்றை எழுதுகிறார்கள்.

இந்தத் தேர்வுகளில் என்னை ஈர்த்தது, பாடப் பட்டியல் எப்படிப் பிறக்கிறது என்பது. நாலு பேராசிரியர்கள் உட்கார்ந்து, தங்களுக்குப் பிடித்ததை எழுதி வைப்பதில்லை. வேலையில் இருப்பவர்களிடம் போய், "நீங்கள் அன்றாடம் என்ன செய்கிறீர்கள்? எதை அடிக்கடி செய்கிறீர்கள்? எதில் பிசகினால் ஆபத்து?" என்று கேட்டுத் தொகுக்கிறார்கள். அந்தத் தொகுப்பிலிருந்துதான் கேள்வித்தாள் உருவாகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடியும் கேட்கிறார்கள். பாடத்திட்டத்தைத் திருத்துவதற்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பாடத்திட்டக் குழு கூடியபோது மேசையின் ஒரு பக்கம் எங்கள் பாடத்திட்டம், மறுபக்கம் அந்த வேலைப் பட்டியல். ஒவ்வொரு வரியாகப் படித்து, இது நம்மிடம் எந்த செமஸ்டரில் வருகிறது, மாணவர் இதைக் கையால் செய்கிறாரா, காதால் கேட்பதோடு சரியா என்று குறித்துக்கொண்டே போனோம். ஏராளமான வரிகளுக்கு "காதால்" என்றே குறிக்க வேண்டியிருந்தது.

ஒரு வரியைச் சொல்கிறேன். பயிற்சிக்கு முந்தைய உடல்நலச் சோதனை. ஒருவரை ஓடச் சொல்வதற்கு முன்னால், இவரை ஓடச் சொல்லலாமா என்று பார்ப்பது. எங்கள் பழைய பாடத்தில் இது எப்படி இருந்ததென்றால், வயது, புகைப்பழக்கம், கொழுப்பு, குடும்பத்தில் இதயநோய் என்று அபாயக் காரணிகளை எண்ணி, குறைந்த அபாயம், நடுத்தர அபாயம், அதிக அபாயம் என்று மூன்று பெட்டியில் ஆளைப் போட வேண்டும். மாணவர்கள் அந்த அட்டவணையை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் ஏ.சி.எஸ்.எம். அந்த முறையை 2015இலேயே கைவிட்டுவிட்டது. ஏன் தெரியுமா? அப்படி எண்ணிக்கொண்டே போனால் 40 வயது தாண்டியவர்களில் மிகப் பெரும்பாலோரை "முதலில் டாக்டரைப் பாருங்கள்" என்று திருப்பி அனுப்ப வேண்டிவந்தது. நடந்தாலே நன்மை பெறக்கூடியவர்கள் பயந்துபோய் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

இப்போது கேட்பது மூன்றுதான். இவர் கடந்த மூன்று மாதமாக ஒழுங்காகப் பயிற்சி செய்துவருகிறாரா? இதயம், சர்க்கரை, சிறுநீரகம் தொடர்பான நோயோ, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் போன்ற அறிகுறியோ இருக்கிறதா? எந்த அளவு தீவிரமாகச் செய்ய விரும்புகிறார்? நோயும் இல்லை, அறிகுறியும் இல்லை என்றால் இதுவரை அசையாதவர்கூட மெதுவான நடையில் தொடங்கலாம். சர்க்கரை இருக்கிறது, இதுவரை பயிற்சியே இல்லை என்றால், முதலில் மருத்துவரின் சம்மதம் வேண்டும். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் ஐ.சி.எம்.ஆரும் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேர். இப்படியொரு நாட்டில் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தெரியாத பட்டதாரியை நாம் வெளியே அனுப்பலாமா, சொல்லுங்கள்.

அடுத்தது மருந்துகள். எங்கள் பழைய பாடத்திட்டத்தில் மருந்து என்ற தலைப்பே இல்லை. "நாம் மருத்துவர்கள் அல்லவே" என்று குழுவிலேயே ஒருவர் கேட்டார். மருந்து எழுதித் தருவது நம் வேலை இல்லை, உண்மைதான். மருந்து சாப்பிட்டவர்தானே நம் முன்னால் வந்து நிற்கிறார்? சான்றிதழ்ப் பட்டியலில் இது தெளிவாக இருக்கிறது: பொதுவான மருந்துகள் பயிற்சியின்போது உடம்பை என்ன செய்யும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர், வயது 62. ஒரு ஜிம்மில் சேர்ந்தார். அங்கிருந்த தம்பி 220இலிருந்து வயதைக் கழித்தார், 158. அதில் 70 சதவீதம், ஏறக்குறைய 110. "நாடித்துடிப்பு 110 வரணும் அங்கிள்" என்று சொல்லி ட்ரெட்மில்லை ஓட்டினார். திரையில் 92. வேகத்தைக் கூட்டினார், 95. இன்னும் கூட்டினார். பெரியவருக்குச் சட்டை நனைந்து, கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, பேச வாய் வரவில்லை. எண் மட்டும் 100ஐத் தாண்டவே இல்லை. மறுநாள் என்னிடம் வந்து, "எவ்வளவு ஓடினாலும் அந்த மெஷின்ல நம்பர் ஏற மாட்டேங்குதும்மா, என் இதயம் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். அவர் கையிலிருந்த மாத்திரை அட்டையைப் பார்த்தேன். மெட்டோப்ரோலால். பீட்டா பிளாக்கர் வகை. இதயத்துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைப்பதே அந்த மாத்திரையின் வேலை. இதயம் கெடவில்லை, கணக்குதான் அவருக்குப் பொருந்தாதது.

இப்படிப்பட்டவருக்கு எண்ணைத் துரத்தக் கூடாது. ஸ்வீடன் நாட்டு உளவியல் அறிஞர் குன்னர் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையிலான அளவுகோலைக் காட்டி, "எவ்வளவு சிரமமாக இருக்கிறது?" என்று கேட்க வேண்டும். அதுவும் கைவசம் இல்லையா? பேசவிட்டுப் பாருங்கள். நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. மிதமான பயிற்சிக்கு அது நல்ல அடையாளம். மாத்திரை சாப்பிடாதவர்களுக்கும் 220 கழித்தல் வயது ஒரு தோராயக் கணக்குதான். 2001இல் தனாகா குழுவினர் வெளியிட்ட கணக்கு, 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது. 70 வயதுக்காரருக்குப் பழைய கணக்கு 150 என்றால் இது 159 என்கிறது. நேயர்களே, நீங்கள் பி.பி.க்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், தயவுசெய்து அதை உங்கள் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ரத்த அழுத்தம் பார்ப்பது.

"கொரட்காஃப் ஒலிகள் யாவை?" என்று கேட்டால் எங்கள் மாணவர் எழுதிக் குவிப்பார்கள். 1905இல் ரஷ்ய அறுவை மருத்துவர் கொரட்காஃப் கண்டுபிடித்தது, முதல் சத்தம் மேல் அழுத்தம், சத்தம் மறையும் இடம் கீழ் அழுத்தம், எல்லாம் சரி. எழுத்துத் தேர்வில் முதலிடத்தில் இருந்த ஒரு மாணவியிடம் செய்முறை நாளில் ஸ்டெதாஸ்கோப்பைக் கொடுத்தேன். "ஒண்ணுமே கேக்கல மேடம்" என்றாள். காது முனைகளைப் பின்பக்கம் திருப்பி மாட்டியிருந்தாள். அவை முன்னோக்கி, மூக்கு இருக்கும் திசையில் சாய்ந்திருக்க வேண்டும். திருப்பி மாட்டியதும் கேட்டது. ஆனால் திருகைச் சட்டென்று திறந்துவிட்டாள், முள் ஒரே பாய்ச்சலில் இறங்கிவிட்டது. நொடிக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் வேகத்தில் இறக்க வேண்டும் என்பதை அவள் இரண்டு முறை தேர்வில் எழுதியிருக்கிறாள். விரலுக்கு அது தெரியவில்லை. விரலுக்குத் தெரிய இருபது, முப்பது கைகளையாவது தொட்டிருக்க வேண்டும்.

இது ஓய்வில் இருப்பவருக்கு. சைக்கிள் மிதிப்பவருக்குப் பார்ப்பது இன்னும் கடினம். கை ஆடும், சக்கரம் இரையும். ஆனால் அங்கேதான் அது உயிர்காக்கும். வேலை கூடக்கூட மேல் அழுத்தம் ஏற வேண்டும், கீழ் அழுத்தம் பெரும்பாலும் அப்படியே நிற்க வேண்டும். வேலையைக் கூட்டும்போது மேல் அழுத்தம் 10 புள்ளி இறங்கினால் இதயம் ஈடுகொடுக்கவில்லை என்று சந்தேகப்பட்டுச் சோதனையை நிறுத்துகிறோம். மேல் அழுத்தம் 250ஐத் தாண்டினாலும் நிறுத்த வேண்டும். இதைக் காதால் பிடிக்கத் தெரியாதவர் பக்கத்தில் நிற்பதும் யாரும் நிற்காததும் ஒன்றுதான்.

புதிய பாடத்திட்டத்தில் இதற்கு எழுத்துத் தேர்வு கிடையாது. இருவர் ஒரே நேரத்தில் கேட்கும் இரட்டைக் குழாய் ஸ்டெதாஸ்கோப் உண்டு. ஒரு முனை மாணவர் காதில், மறுமுனை ஆசிரியர் காதில். இருவரும் தனித்தனியே எண்ணை எழுதுவார்கள். ஒத்துப்போகும்வரை அந்த மாணவர் அடுத்த செய்முறைக்குப் போக முடியாது. நாற்காலியில் சாய்ந்து, பாதம் தரையில் பதிய ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்தாரா, கைப்பட்டை அந்தக் கைக்குப் பொருந்திய அளவா, பார்க்கும்போது பேச்சுக் கொடுத்தாரா, எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. நேயர்களே, இனி யாராவது உங்களை வாசலிலிருந்து நடந்து வந்த வேகத்திலேயே உட்காரவைத்து, பேசிக்கொண்டே பி.பி. பார்த்தால், "கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் பார்க்கலாமே" என்று நீங்களே சொல்லலாம்.

எதிர்ப்பும் வந்தது. செய்முறைக்கு நேரம் வேண்டுமென்றால் வேறு எதையாவது எடுக்க வேண்டும். ஆடுகள அளவுகளை வரைந்து ரெக்கார்டு நோட்டு நிரப்பும் பாடத்தை விருப்பப் பாடமாக மாற்றினோம். "வாலிபால் ஆடுகளம் 18 மீட்டர், 9 மீட்டர் என்று தெரியாமல் ஒருவன் பட்டம் வாங்குவதா?" என்று மூத்தவர் ஒருவர் உண்மையிலேயே வருந்தினார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த மணிநேரங்களை மாத்திரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுத்தது சரி என்றே நினைக்கிறேன்.

இன்னொருவர் கேட்டது கனமான கேள்வி. வெளிநாட்டுத் தேர்வுக்காகப் பல்கலைக்கழகத்தைக் கோச்சிங் சென்டர் ஆக்குகிறோமா? அப்படி ஆக்கக் கூடாது. இடுப்புச் சுற்றளவை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க நூலில் ஆணுக்கு 102 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 88ஐத் தாண்டினால் ஆபத்து. நம் உடம்புக்கு அந்த எல்லை 90, 80. உடல் நிறைக் குறியீட்டிலும் அவர்களுக்கு 30இல் தொடங்கும் உடல்பருமன் நமக்கு 25இலேயே தொடங்குகிறது. மாணவர் இரண்டையும் படிக்க வேண்டும். தேர்வு எழுதும்போது அந்த எண், மதுரையிலோ மாம்பலத்திலோ ஒருவரின் இடுப்பை அளக்கும்போது நம் எண். வேலைப் பட்டியலை வெளியிலிருந்து வாங்கலாம், ஆளுக்குரிய அளவை இங்கேதான் எடுக்க வேண்டும்.

நேரம் நெருங்குகிறது. பழக்கத்தை மாற்றப் பேசும் கலை, முதலுதவி, இதய இயக்க மீட்பு, சட்டப் பொறுப்பு, மருத்துவமனைப் பயிற்சி என்று சொல்ல வேண்டியவை நிறைய மிச்சம். அவற்றை இன்னொரு நாள் பேசலாம்; அவசரமான வேறொன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2030 முதல் சி.எஸ்.சி.எஸ். தேர்வு எழுத, தர அங்கீகாரம் பெற்ற பட்டப்படிப்பு தேவை என்று என்.எஸ்.சி.ஏ. அறிவித்திருக்கிறது. இன்று முதலாண்டில் சேரும் பிள்ளை பட்டம் வாங்கும்போது அந்த விதி வாசலில் நிற்கும். ஆகவே பாடத்திட்டக் குழுக்கள் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தள்ளிப்போட இடமில்லை.

பெற்றோர்களே, இந்தப் படிப்பில் பிள்ளையைச் சேர்க்கும்முன் கல்லூரியில் ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கள் பிள்ளை எந்த செமஸ்டரில், எத்தனை பேருக்குத் தன் கையால் ரத்த அழுத்தம் பார்ப்பான்?" பதில் எண்ணாக வந்தால் சேருங்கள். வராவிட்டால், எப்போது வரும் என்று அந்தத் துறைத்தலைவரிடமே கேளுங்கள். நீங்கள் கேட்கத் தொடங்கினால் பாடத்திட்டம் தானாக மாறும்.