ஒரே பந்தி



எருசலேம் தேவாலயத்தின் உட்பிராகாரத்தைப் புறஜாதியார் அணுகலாகாதிருந்தது. தடுப்பைத் தாண்டினால் மரணமே என்று கிரேக்கத்தில் எச்சரித்த கல்வெட்டு 1871-இல் கண்டெடுக்கப்பட்டது. அத்தடுப்பு மனங்களிலும் நின்றது. கொர்நேலியுவின் இல்லத்தில், கடவுளிடம் பட்சபாதமில்லை என்றுணர்ந்தவர் பேதுரு. அவரே அந்தியோகியாவில், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், புறஜாதியாரோடு உண்பதை விட்டு அஞ்சி விலகினார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். அப்போஸ்தலரேயாயினும் பந்தியைப் பிரிக்க உரிமையில்லை.

பவுல் யூதரை வெறுத்தவரல்லர், தாமும் யூதரே. இஸ்ரவேலை ஒலிவமரமாகவும், புறஜாதியாரை அதில் ஒட்டவைத்த காட்டொலிவக் கிளையாகவும் ரோமருக்கு எழுதியவர், மற்றக் கிளைகளுக்கெதிராக அக்கிளை பெருமை பாராட்டலாகாது என்றும் எச்சரித்தார். இருவரும் ஒரே வேரில் வாழ்வதே மீட்பின் திட்டம்.

பந்தியில் விலக்கப்பட்ட வலியை அறிந்த நாம், முன்வரிசையில் அமரும் நாளில் எவரையும் விலக்காதிருப்போமாக.