குவாதலூப் தீவில் காண்பனவும் உண்பனவும்



உலகப் படத்தில் கரிபியன் கடலின் கிழக்கு விளிம்பைப் பார்த்தால், வில்போல் வளைந்து செல்லும் ஒரு தீவுத் தொடர் தெரியும். அத்தொடரின் நடுவே, சிறகு விரித்த பட்டாம்பூச்சியின் வடிவில் அமைந்திருப்பது குவாதலூப் தீவு. ஒரு சிறகின் பெயர் 'பாஸ்தேர்'; அதாவது தாழ்ந்த நிலம். மற்றதன் பெயர் 'கிராந்தேர்'. அதாவது பெரிய நிலம். ஆனால் தாழ்ந்த நிலம் எனப்படுவதில்தான் மலைகள் வானளாவ நிற்கின்றன. பெரிய நிலம் எனப்படுவதோ இரண்டில் சிறியது! கப்பலோட்டிகள் காற்றின் திசை பார்த்து இட்ட பெயர் அது. உயரத்தை நினைத்து இட்டதன்று. இரண்டு சிறகுகளுக்கும் இடையே ஒரு குறுகிய உப்பங்கால்வாய் ஓடுகிறது.

1493ஆம் ஆண்டில் கொலம்பஸ் இத்தீவைக் கண்டு, ஸ்பெயின் நாட்டு மடம் ஒன்றின் பெயரை இதற்குச் சூட்டினார். 1635இல் பிரெஞ்சுக்காரர் குடியேறினர். 1946 முதல் இது பிரான்சு நாட்டின் ஒரு மாவட்டமாகவே விளங்கி வருகிறது. ஆட்சி மொழி பிரெஞ்சு; மக்கள் நாவில் வழங்குவது கிரெயோல்; செலாவணி நாணயம் யூரோ. பாரிசிலிருந்து விமானத்தில் நேரே வந்து இறங்கலாம். டிசம்பர் முதல் மே வரை மழை குறைந்த காலம். செல்வதற்கு உகந்த காலமும் அதுவே.

முதலில் காண வேண்டியது சூஃப்ரியேர் எரிமலை. இதன் உயரம் 1,467 மீட்டர். 1976இல் இம்மலை சீறியபோது, எழுபதாயிரத்திற்கும் மேற்பட்ட மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டனர். இன்றும் உச்சியில் கந்தகப் புகை எழுந்தவண்ணம் இருக்கிறது. ஆதலால் புகை வாய்களின் அருகே செல்வதற்குக் கட்டுப்பாடு உண்டு. மலையேறும் பாதையின் தொடக்கத்தில் 'மஞ்சள் குளியல்' என்னும் வெந்நீர்க் குளம் இருக்கிறது. இறங்கி வந்தவர்கள் அதில் அமிழ்ந்து கால் வலியைப் போக்கிக் கொள்ளலாம். மலையின் கிழக்குச் சரிவில் கார்பே அருவிகள் மூன்று விழுகின்றன. அவற்றுள் இரண்டாவது அருவி 110 மீட்டர் உயரத்திலிருந்து காட்டின் நடுவே வெள்ளிச் சரம்போல் இறங்குகிறது. கடலை விரும்புவோர் மேற்குக் கரையிலுள்ள புய்யாந்துக்குச் சென்று, அடியில் கண்ணாடி பதித்த படகில் அமர்ந்தபடியே பவளப் பாறைகளையும் வண்ண மீன்களையும் காணலாம்.

ஊர்க் காட்சிகளில் முதன்மையானது புவாந்தாப்பித்ர் நகரின் சந்தை. சாதிக்காய், பட்டை, வனிலா, மிளகாய் ஆகியவற்றைக் குவித்து வைத்துப் பெண்கள் விற்பார்கள். விழா நாட்களில் அவர்கள் தலையில் கட்டும் கட்டமிட்ட துணிக்கு 'மதராஸ்' என்று பெயர். நம் சோழமண்டலக் கரையில் நெய்யப்பட்டு, வணிகர் வழியே கடல் கடந்த துணி அது. இன்று அத்தீவின் உடை மரபுக்கே அடையாளமாகிவிட்டது. அந்நகரின் பழைய சர்க்கரை ஆலை நின்ற இடத்தில், அடிமை வாணிகத்தின் வரலாற்றைக் கூறும் பெரிய நினைவகம் ஒன்று 2015இல் திறக்கப்பட்டது. கரும்பின் இனிப்புக்குக் கொடுக்கப்பட்ட விலை எவ்வளவு என்பதை அங்கே அறியலாம்.

இனி, உண்பதைப் பற்றிச் சொல்கிறேன். 'பொக்கித்' என்பது எண்ணெயில் பொரித்த உப்பலான ரொட்டி. தில்லியில் வாழும் நேயர்களுக்குப் பட்டூரா நினைவு வரும். அதைப் பிளந்து, உள்ளே மீனையோ கோழியையோ காய்கறியையோ வைத்துத் தருவார்கள். உப்பிட்ட மீனை மாவில் கலந்து பொரிக்கும் 'அக்ரா' நம் போண்டாவுக்கு உறவு. புலால் உண்ணாதவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஈரப்பலாக்காயும் வாழைக்காயும் கிழங்குகளும் எங்கும் உண்டு. நம் சௌசௌவைப் பாலாடைக்கட்டி தூவி வேக வைத்துப் பரிமாறுவார்கள். கடற்கரையில் பெண்கள் மரப்பீப்பாயில் கையால் சுற்றிக் கடையும் தேங்காய்ப் பனிக்கூழை உண்ணாமல் திரும்புவது தகாது.

ஆயினும் அத்தீவின் தலையாய உணவு 'கொலம்போ'. மஞ்சள், கொத்துமல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மிளகு ஆகியவற்றை அரைத்த பொடியிட்டுக் கொதிக்க வைத்த ஆட்டிறைச்சிக் குழம்பு அது, கோழியிலும் செய்வதுண்டு. கொழும்பு நகரின் பெயரே அதற்கு வந்தது என்பர் பலர். 'குழம்பு' என்ற சொல்லே அவ்வாறு திரிந்தது என்பாரும் உளர். எதுவாயினும், அது அங்குச் சென்ற வழி ஐயத்திற்கு இடமில்லாதது. 1848இல் அடிமை முறை ஒழிந்ததும், தோட்டங்களில் கரும்பு வெட்ட ஆள் வேண்டியிருந்தது. 1854ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், 'ஒரேலி' என்னும் கப்பல் முதல் இந்தியத் தொழிலாளரை அங்கே இறக்கியது. 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் சென்றனர். அவர்களுள் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் கப்பலேறிய தமிழர் மிகுதி.

அவர்களின் வழித்தோன்றல்கள் காப்பெஸ்தேர் என்னும் ஊரில் இன்றும் மிகுதியாக வாழ்கின்றனர். அங்கே ஷாங்ஷி என்னுமிடத்தில், சாலையோரமாகவே வண்ணச் சிற்பங்களுடன் ஒரு கோயில் நிற்கிறது. அவர்கள் வழிபடும் அம்மையின் பெயர் 'மலியேமின்', நம் மாரியம்மனேதான். வழிபாட்டில் தப்பு முழங்குகிறது. அதற்குப் பெயர் 'தப்பு' என்பதே. பாவற்காயை அத்தீவினர் 'பரோக்கா' என்கிறார்கள். இந்திய மரபினர் வேப்பிலையை 'வெப்பேலே' என்கிறார்கள். அவ்வூரில் பிறந்த ஆன்ரி சிதம்பரம் என்பவர், அத்தீவில் பிறந்த இந்திய மரபினருக்கு வாக்குரிமை கோரி 1904இல் தொடங்கிய வழக்கு 1923இல்தான் வெற்றி கண்டது. இன்று அவர்கள் அத்தீவின் மக்களோடு சமமாக நிற்கின்றனர்.

ஆனால் அவர்களிடையே தமிழ் பேச்சு மொழியாக நிலைக்கவில்லை. கோயிலில் பாடப்படும் தமிழ்ப் பாட்டின் பொருள் பாடுவோரிலேயே பலருக்கு விளங்குவதில்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இது சிந்தனைக்குரிய செய்தியாகப் படுகிறது. ஒரு மொழி வீட்டை விட்டு நீங்கும்போது, கடைசியாக நீங்குவது அடுப்பங்கரையிலிருந்தும் அம்மன் சந்நிதியிலிருந்தும்தான் போலும். நெஞ்சில் இருந்த வாக்கியங்கள் மறைந்தன. நாவில் இருந்த சுவை நிலைத்தது.

அவர்களைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. கரும்புத் தோட்டத்தில் விடியல் முதல் உழைத்தவர், குழந்தைக்கு எழுத்துச் சொல்லித் தர எப்பொழுது அமர்ந்திருக்க முடியும்? தாயகத்திலிருந்து கடிதம் வரவே மாதங்கள் ஆகிய காலம் அது. மும்பையிலும் கொல்கத்தாவிலும் தில்லியிலும் வாழும் நமக்கோ புத்தகம் உண்டு, வானொலி உண்டு, கோடை விடுமுறைக்கு ஊர் செல்ல ரயிலும் உண்டு. நம் வீட்டிலும் குழம்பும் ரசமும் நிலைத்து நிற்கும் என்பதில் ஐயமில்லை. அவற்றை உண்ணும் குழந்தை, 'இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள், அம்மா' என்று எந்த மொழியில் கேட்கும் என்பதுதான் கேள்வி.

குவாதலூப் செல்லும் வாய்ப்புப் பெறுவோர் எரிமலையையும் அருவியையும் காண்க. கொலம்போவை வயிறார உண்க. அத்துடன் சந்தையில் பாவற்காயைக் கண்டால், அதன் பெயரை விற்பவரிடமே ஒருமுறை கேளுங்கள். அவர் சொல்லும் விடை, நீங்கள் அங்குக் காணும் எந்தக் காட்சிக்கும் குறைந்ததன்று.